பாதி விலைக்காகக் காத்திருந்த காது

அத்தியாயம் 6

"வீட்டுக்குள்ள போனதும் வாயைத் திறக்காதே ரேடியோ" என்று டீச்சர் படியேறும்போதே மூன்று முறை சொல்லியிருந்தார். மூன்று முறையும் ரேடியோ தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனுக்கு என்றைக்குமே சிரமம் இருந்ததில்லை.

இருபது வருடம் டி.வி. மெக்கானிக்காக இருந்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் டீச்சரிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன் அவன். ரேடியோ என்ற பெயர் தொழிலால் வந்ததல்ல. ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்பதால் வந்தது. டீச்சர் அதற்கு நேர் எதிர். கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த வேலையை உதறிவிட்டுத் துப்பறிய வந்தவர். வார்த்தைகளை மட்டும் இன்னும் எண்ணித்தான் செலவழிப்பார்.

வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்க வந்தவர்கள் என்பது அவர்கள் போட்டிருந்த வேஷம். மணி மூன்று. மூன்றாவது மாடியில் கதவைத் திறந்த, உதவி கேட்டிருந்த நர்ஸின் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது. அதைப் பார்த்ததும் ரேடியோவுக்கு மனசு கேட்கவில்லை.

"பயப்படாதீங்கம்மா, டீச்சர் வந்துட்டாங்க இல்ல? உங்க வீட்டை எவன் ஒட்டுக் கேக்குறான்னு இன்னைக்கே கண்டுபிடிச்சு அவன் காதைத் திருகிடுவாங்க" என்றான், ஹாலின் நடுவே நின்று, கணீரென்று.

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார்.

சுமார் அரை நிமிடம் கழித்து, அவர்களுக்குப் பின்னால் கதவு 'டிக்' என்றது.

நர்ஸ் ஓடிப்போய்ப் பூட்டின் எண்களை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் சிவப்பு. உள்ளே இருந்து திறக்கவும் எண் கேட்கிற, ஃபோன் வழியாகவும் இயங்குகிற பூட்டு அது. கைப்பிடி இருந்த இடத்தில் வழவழவென்று ஒரு தகடுதான் இருந்தது.

அவள் திரும்பி, சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்தாள். "நம்பரை மாத்திட்டாங்க."

டீச்சர் ரேடியோவின் சட்டைக் காலரைப் பிடித்து சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார். நர்ஸும் பின்னாலேயே வந்தாள். டீச்சர் குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். தண்ணீர் தடதடவென்று பாத்திரத்தில் விழுந்தது.

"இப்ப மெதுவா பேசலாம்" என்றார்.

"டீச்சர், என் வாயை நானே..."

"அப்புறம் வருத்தப்பட்டுக்கலாம். இப்ப மணி மூணு அஞ்சு."

நான்கு மணிக்கு நர்ஸின் அண்ணன் வருவார். அவளைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போவார். அப்பா விட்டுப்போன வீட்டில் அவளுடைய பங்கை விற்கவோ வைத்துக்கொள்ளவோ அண்ணனுக்கே முழு அதிகாரம் கொடுத்து அவள் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக் காலை அவளும் பத்து வயது மகளும் அண்ணனோடு வேறு ஊருக்குக் கிளம்ப வேண்டும். போட்ட கையெழுத்தைத் திரும்ப அழிக்க முடியாது. ஆஸ்பத்திரி கேன்டீனில் காலையில் இதையெல்லாம் சொன்னபோது நர்ஸ் அழவில்லை. அழுகிற கட்டத்தைத் தாண்டியிருந்தாள்.

ஓடுவதற்குக் காரணம் கணவர். செல்ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். ஐந்து மாதம் முன்னால் பெரிய சண்டை போட்டு, அவள் மகளோடு அண்ணன் வாடகைக்குப் பிடித்துக் கொடுத்த இந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு வாரத்தில் கதவுக்கடியில் முதல் சீட்டு வந்தது. டைப் அடித்த ஒற்றை வரி. 'குருவி, பல்வலி குறைந்ததா?' குருவி என்று அவளைக் கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான். பல்வலி என்று அவள் மகளைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

அதன் பிறகு பத்து சீட்டுகள். 'மகளுக்கு மஞ்சள் சட்டை எடுப்பாக இருக்கிறது.' 'வேறு ஆஸ்பத்திரியில் வேலை கேட்டாயாமே?' கடைசியாக வந்தது, 'எங்கே போனாலும் வருவேன்.' அவருக்கு அவள் ஃபோன் செய்வதையே நிறுத்தி மாதங்கள் ஆகிவிட்டன.

"போலீஸைக் கூப்பிடலாமே டீச்சர்? நம்ம கையில ஃபோன் இருக்கு" என்றான் ரேடியோ.

"கூப்பிட்டா கதவு திறக்கும். பூட்டு கெட்டுப்போச்சுன்னு எழுதிக்கிட்டுப் போயிடுவாங்க. யார் பூட்டினதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது." டீச்சர் நர்ஸின் பக்கம் திரும்பினார். "பல்வலின்னு மககிட்ட எங்கே வெச்சு சொன்னீங்க?"

"ஹால்ல."

"மஞ்சள் சட்டை?"

"ஹால்லதான் போட்டுப் பார்த்தா."

"சமையல்கட்டுல நீங்க பேசின எதாவது சீட்டுல வந்திருக்கா?"

நர்ஸ் யோசித்தாள். "இங்கே நான் பேச மாட்டேன் டீச்சர். இங்கே வந்து அழுவேன். தினமும்." அவள் தண்ணீர் விழும் குழாயைப் பார்த்தாள். "நான் அழுததைப் பத்தி ஒரு சீட்டுகூட வரல. இப்ப நீங்க கேட்டதும்தான் தோணுது."

"அப்ப ஆளுக்குக் காது ஹால்ல இருக்கு" என்றார் டீச்சர்.

மூவரும் சமையலறை வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு சோபா, ஒரு நாற்காலி, டி.வி. சுவரில் ஒரு காலண்டர். சோபாவில் சம்மணமிட்டு மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். டி.வி.க்குக் கீழே கறுப்பாகப் புது கேம் கன்சோல். டி.வி.யின் தலையில் அதன் கேமரா, ஒற்றைக் கண்ணோடு ஹாலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அது எப்ப வந்தது?"

"நாங்க குடி வந்த மறு வாரம். அண்ணன் வாங்கிக் குடுத்தார்."

ரேடியோவுக்கு விஷயம் தெரியும். "இதுல ரெண்டு தினுசு இருக்கு டீச்சர். கேமராவும் மைக்கும் இல்லாதது மலிவு. இருக்கிறது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு விலை. கேமராவைக் கழட்டினா பெட்டியே வேலை செய்யாது. இந்தக் கண்ணு தூங்கவே தூங்காது."

"என் அண்ணன் செருப்பு வாரு அறுந்தா ஊக்கு குத்திக்கிட்டு நடக்கிறவர். மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கார், தனக்குக் கண்ணாடி மாத்த மாட்டார். என் பொண்ணுக்குன்னதும் விலை அதிகமானதையே வாங்கிட்டு வந்தார். அன்னைக்கு நான் அழுதுட்டேன்" என்றாள் நர்ஸ்.

ரேடியோ அந்த அண்ணனை மனசுக்குள்ளேயே கும்பிட்டான். இப்படியும் ஒரு அண்ணன். பாவம், அவர் ஆசையாக வாங்கிக் கொடுத்ததில் அந்த செல்ஃபோன் கடைக்காரர் எப்படியோ புகுந்துவிட்டார். எந்தப் பூட்டையும் திறக்கத் தெரிந்த கை.

"இதோட வந்த புத்தகம் இருக்கா?" என்றார் டீச்சர்.

நர்ஸ் அலமாரியில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். நிபந்தனைகள் மட்டுமே எண்பது பக்கம். உலகத்தில் ஒருவரும் படித்திராத புத்தகம். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நான் படிக்கணும். இவங்ககிட்ட சீட்டையெல்லாம் வாங்கிப் பார்க்கணும். அதுவரைக்கும் ஹால்ல சத்தம் இல்லேன்னா அந்தக் காதுக்குச் சந்தேகம் வரும். நீ போய்ப் பேசு ரேடியோ."

"எவ்வளவு நேரம்?"

"நான் கூப்பிடுற வரைக்கும்."

அவன் வாழ்க்கையில் அவர் இப்படி ஒரு உத்தரவு போட்டது அதுவே முதல் தடவை.

ஹாலில் சோபா ஓரத்தில் உட்கார்ந்து ரேடியோ ஆரம்பித்தான். வாஷிங் மெஷினின் வியாதிகளைச் சொன்னான். தன் மச்சான் கல்யாணத்தில் மைக் செட் எரிந்ததைச் சொன்னான். ஒரு டி.வி.க்குள் பல்லி குடும்பம் நடத்தியதைச் சொன்னான். பேசப் பேச அவனுக்கே வியர்த்தது. அந்தக் கேமரா இமைக்கவில்லை. தன் வார்த்தை ஒவ்வொன்றையும் எங்கோ ஒருவர் வாங்கி வைத்துக்கொள்கிறார் என்று நினைத்தபோது, வாழ்நாளில் முதல் தடவையாகப் பேச்சு அவனுக்குக் கசந்தது. ஜன்னலில் கம்பி. கதவில் சிவப்புப் புள்ளி. இந்த அறையில் ஒரு தாயும் பெண்ணும் ஐந்து மாதம் எப்படி மூச்சு விட்டார்கள்?

மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. பல்லிக் கதைக்கு மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் காலண்டரில், போன மாதத்தில் ஒன்பது நாள் வரிசையாக அழுகிற முகம் வரைந்திருந்தது.

"இது என்ன பாப்பா, பரீட்சையா?"

அவள் நகர்ந்து வந்து அவன் காதோரம் கிசுகிசுத்தாள். "அந்த ஒன்பது நாளும் ஆன்லைன் இல்ல. ஃப்ரீயா குடுத்த மாசமெல்லாம் முடிஞ்சிடுச்சு. சந்தா கட்டணும்னு வந்தது. ஃப்ரெண்ட்ஸ் கூட விளையாடவே முடியல. அப்புறம் பாதி விலைன்னு ஆஃபர் வந்ததும் திரும்ப வந்துடுச்சு."

"ஏன் பாப்பா ரகசியமா பேசுறே?"

"அம்மா ஹால்ல இப்படித்தான் பேசணும்னு சொல்லியிருக்காங்க."

ரேடியோ கேமராவைத் திரும்பிப் பார்த்தான். குழந்தையின் தலையைத் தடவிவிட்டு, பல்லிக் கதையை விட்ட இடத்தில் இருந்து பிடித்துக்கொண்டான். டீச்சர் சமையலறை வாசலில் இருந்து விரலை அசைத்தபோது, காலண்டரையும் ஆணியில் இருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போனான். வாய்க்கு வேலை கொடுத்தவருக்குக் கண்ணும் கொஞ்சம் வேலை செய்தது என்று காட்ட வேண்டாமா?

பதினொரு சீட்டுகளும் சமையல் மேடையில் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் தேதியும் நேரமும் பேனாவால் எழுதியிருந்தது.

"எதை வாங்கினாலும் தேதி, நேரம் போட்டுடுவேன். வார்டுல வந்த பழக்கம்" என்றாள் நர்ஸ்.

"நல்ல பழக்கம்" என்றார் டீச்சர். காலண்டரை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். அவர் விரல் தேதி தேதியாக நகர்ந்து, அழுகிற முகங்களின் மேல் வந்து நின்றது. "இந்த ஒன்பது நாள்ல ஒரு சீட்டும் இல்ல."

"ஆமா. அந்த ஒன்பது நாளும் நான் நல்லா தூங்கினேன். அவர் திருந்திட்டார்னு நினைச்சேன். பத்தாவது நாள் அவருக்கு ஃபோன் பண்ணலாம்னுகூட எடுத்தேன். அப்பதான் கதவுக்கடியில அடுத்த சீட்டு வந்தது."

டீச்சர் நிபந்தனைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பதமாகக் கிழித்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. விடை வந்துவிட்டது, ஆனால் பிடிக்காத விடை என்று ரேடியோ புரிந்துகொண்டான்.

"யாரு டீச்சர்?"

"நான் சொன்னா இவங்க நம்ப மாட்டாங்க. ஆள் தானா வந்து நிக்கணும்." நர்ஸிடம் கேட்டார். "அப்பா வீட்டோட மூலப் பத்திரம் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான். ஆஸ்பத்திரி லாக்கர்ல. கடைசி வரைக்கும் அப்பாவை நான்தான் பார்த்துக்கிட்டேன். என் கையில குடுத்தார்."

"அது லாக்கர்லயே பத்திரமா இருக்கட்டும். இப்ப ஹால்ல போய் நின்னு, நான் சொல்றதைச் சத்தமா சொல்லுங்க."

"சத்தமாவா?" அதைக் கேட்டே நர்ஸ் பயந்தாள்.

மூன்று இருபத்தெட்டுக்கு அவள், நிபந்தனைப் புத்தகத்தின் சில பக்கங்களை மடித்துக் கையில் பிடித்தபடி ஹாலில் நின்றாள். முதல் தடவை குரல் வரவில்லை. டீச்சர் சமையலறை வாசலில் இருந்து தலையசைத்தார். அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வெறுத்துப்போச்சு டீச்சர்! இந்தப் பத்திரத்தாலதான் எல்லாமே. அப்பா குடுத்த மூலப் பத்திரம் இதோ என் கையில இருக்கு. நகலும் கிடையாது, மண்ணும் கிடையாது. இதைச் சமையல்கட்டுல வெச்சுக் கிழிச்சுப் போட்டுடறேன். வீடும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே வந்தாள். டீச்சர் மீதிப் புத்தகத்தை ரேடியோவின் கையில் திணித்து, குழாயை மூடினார்.

"கிழி. நல்லா சத்தம் வர்ற மாதிரி."

"செல்ஃபோன் கடைக்காரருக்குப் பத்திரம் எதுக்கு டீச்சர்? அந்த வீட்டுல அவருக்கு என்ன..."

"கிழி ரேடியோ."

அவன் கிழித்தான். ஒவ்வொரு பக்கமாக, நீளமாக, சர்ரென்று. கிழித்ததை வாசலுக்கு வெளியே ஹால் தரையில் விழும்படி போட்டான். எண்பது பக்க நிபந்தனைக்கு முதல் தடவையாக ஒரு உபயோகம் கிடைத்தது. பிறகு டீச்சர் காட்டிய இடத்தில், கதவுக்குப் பக்கத்தில், டூல் பெட்டியோடு போய் நின்றுகொண்டான்.

நர்ஸ் மகளை அணைத்துக்கொண்டு நின்றாள். சிவப்புப் புள்ளி அப்படியே இருந்தது. இரண்டு நிமிடம். நான்கு நிமிடம். இந்த முறை டீச்சரின் கணக்கு தப்பிவிட்டதோ என்று ரேடியோவுக்குச் சந்தேகம் வந்தது. நான்கு மணிக்கு நல்ல மனுஷரான அந்த அண்ணன் வந்து பார்த்தால் என்ன பதில் சொல்வது?

ஏழாவது நிமிடம் படிக்கட்டில் தடதடவென்று காலடிச் சத்தம். பூட்டு 'டிக்' என்றது. பச்சை.

கதவு படாரென்று திறந்தது. மூச்சிரைக்க, சட்டைப் பொத்தான் அவிழ்ந்திருக்க ஒருவர் உள்ளே பாய்ந்தார். ஒரு கையில் ஃபோன். காலில் ஊக்கு குத்திய செருப்பு.

"முழுசா கிழிச்சுட்டியா? பாவி, முழுசாவா?"

அதே நொடியில் ரேடியோ டூல் பெட்டியைக் கதவிடுக்கில் தள்ளினான். இனி எந்த எண்ணைப் போட்டாலும் அந்தக் கதவு மூடாது.

அண்ணன் தரையில் கிடந்த காகிதத்தைப் பார்த்தார். அப்புறம்தான் மனிதர்களைப் பார்த்தார்.

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். "நாலு மணிக்கு வர வேண்டியவர். இருபத்தஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்க. பத்திரம் கிழியுதுன்னு யார் சொன்னது?"

"இவதான். ஃபோன் பண்ணினா."

நர்ஸ் தன் ஃபோனை எடுத்து அவருக்கு நேராக நீட்டினாள். காலையில் இருந்து அவள் யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை.

"இல்ல, பூட்டுல எதோ கோளாறுன்னு எனக்கு..."

"நீங்க போட்டுக் குடுத்த பூட்டு சரியாதான் வேலை செஞ்சுது. கையெழுத்துக்கு முன்னாடி இவங்க வெளியே போயிடக் கூடாதுன்னு நம்பரை மாத்தினது உங்க ஃபோன், திறந்ததும் உங்க ஃபோன்" என்றார் டீச்சர். மடித்து வைத்த பக்கத்தைப் பிரித்தார். "இதை வாங்கினவர் குடும்பத் தலைவரா பதிவாயிடுவார். சந்தா இருக்கிற வரைக்கும் தன் ஃபோன்ல இருந்தே இந்த ஹாலைப் பார்க்கலாம், கேக்கலாம். குழந்தைகளோட பாதுகாப்புக்காம். நாற்பத்தொண்ணாம் பக்கம்."

"அந்த ஆள் ஃபோன் மெக்கானிக்! எதுக்குள்ளயும் புகுந்து..."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்று ரேடியோ ஒத்துக்கொண்டான்.

"அவர் புகுந்திருந்தா சந்தாவைப் பத்தி அவருக்கு என்ன கவலை?" டீச்சர் காலண்டரைத் தூக்கிக் காட்டினார். "ஃப்ரீ மாசமெல்லாம் முடிஞ்சதும் சீட்டும் நின்னுபோச்சு. ஒன்பது நாள் கழிச்சு பாதி விலை ஆஃபர் வந்தது, சந்தா கட்டினாங்க, அன்னைக்கே சீட்டு வந்தது. தங்கச்சியைப் பயமுறுத்துற வேலைக்குக்கூட முழு விலை குடுக்க மனசு வராத ஆள் இந்தக் குடும்பத்துல எத்தனை பேர்?"

"மாமாதான் சொன்னார்" என்று மகள் மெல்லச் சொன்னாள். "கொஞ்சம் பொறு, விலை இறங்கட்டும்னு."

நர்ஸ் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கத்துவாள் என்று ரேடியோ எதிர்பார்த்தான்.

"குருவின்னு அவர் கூப்பிடுறதை நான்தானே உன்கிட்ட சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன்" என்றாள்.

"உன் நல்லதுக்குத்தான்டி. அந்த ஆள்கிட்ட நீ திரும்பிப் போயிட்டா, வீட்டை அவன் ஏப்பம் விட்டுடுவான்..."

"அஞ்சு மாசத்துல ஒன்பது நாள்தான் நான் தூங்கினேன் அண்ணா. அதுவும் உனக்கு ஆஃபர் வராததால."

அண்ணன் குனிந்து தரையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். அது பத்திரமில்லை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நான்காவது துண்டைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தபோதுதான் அவருக்குப் புரிந்தது. நிபந்தனைகளை அவர் படித்தது அன்றைக்குத்தான்.

ஒரு பையில் மகளின் துணி, இன்னொன்றில் சீட்டுகளும் காலண்டரும். கிளம்ப ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மகள் கன்சோலைத் திரும்பிப் பார்த்தாள், கேட்கவில்லை. டூல் பெட்டியைத் தாண்டி நால்வரும் வெளியே வந்தார்கள். ரேடியோ கடைசியாகப் பெட்டியை எடுத்துக்கொண்டான்.

"முதல்ல போலீஸ் ஸ்டேஷன். அப்புறம் உங்க வீட்டுக்காரருக்குச் சொல்றீங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"அவர்கிட்ட பேசணும். திரும்பிப் போறதா இல்லையான்னு அப்புறம் பார்த்துக்கலாம். இனிமே அதை நான் முடிவு பண்றேன்" என்றாள் நர்ஸ். இதையும் அவள் கிசுகிசுப்பாகவே சொன்னாள்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் மகள் நின்றாள். சுவரையும் கூரையையும் ஒரு முறை பார்த்தாள். அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து அவள் காதில் கேட்டாள். "அம்மா, இங்கே பேசலாமா?"

"பேசலாம்" என்று அம்மாவும் காதில்தான் சொன்னாள். சொன்ன பிறகு, தான் எப்படிச் சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். ரேடியோவுக்கு எதாவது சொல்லி அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் போல் இருந்தது. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, பேசாமல் நின்றான்.

"பேசலாம் கண்ணு" என்றாள் நர்ஸ் மறுபடியும். இந்த முறை அது கீழ் வாசல் வரைக்கும் கேட்டது.